காதில் விழாத மாதிரி

எங்கள் ஊரில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. குமாரபாளையத்துக்காரர்களை வெளியூர்க் கல்யாண மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். பந்தியில் ரசம் கேட்கிற குரல் வாசல்வரை வரும். விசைத்தறி பழக்கிவிட்ட குரல். நான் விற்பனையாளராக இருக்கும் ரேஷன் கடைக்கு இடப்பக்கம் ஒரு தறிப்பட்டறை, பின்சுவருக்கு அந்தப்புறம் இன்னொன்று. "பச்சரிசியா, புழுங்கலா?" என்று நான் கத்த வேண்டும். "பாதிப் பாதி போடும்மிணி" என்று எதிரில் நிற்கும் பெரியவர் பதிலுக்குக் கத்துவார். அவர் பாவு பிணைக்கிறவர். பழைய பாவின் நுனியில் புதுப் பாவை ஒவ்வொரு இழையாகத் திரித்துச் சேர்க்கிற வேலை. மாதா மாதம் அதே கேள்வி, அதே பதில். அவருக்குப் பின்னால் நிற்பவருக்கு இரண்டுமே கேட்காது. கடைக்கு வந்து சேர்ந்த 14 வருடத்தில் இந்தச் சத்தத்தை நான் ஒரு தொல்லையாகத்தான் நினைத்திருந்தேன்.

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. எங்களுக்கு அதற்கு இரண்டு நாள் முன்பே வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது. காவிரிக்கு அக்கரையில் இருக்கும் பவானி ஈரோடு மாவட்டம். தமிழ்நாட்டில் முதலில் முடக்கச் சொன்ன மூன்று மாவட்டங்களில் சென்னை, காஞ்சிபுரத்தோடு ஈரோடும் ஒன்று. பாலத்தில் தடுப்பு வைத்தார்கள். காலையில் நடந்துபோய்ப் பேரனைப் பார்த்துவிட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்புகிறவர்களுக்கு அக்கரை திடீரென்று அயல்நாடு ஆனது.

தறிகள் நின்றன. அந்த வாரம் சனிக்கிழமை, மார்ச் 28, கூலி கிடைக்கவில்லை. தறிக்காரர்களில் பலர் முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர்கள். தறி ஓடினால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள், ஓடாவிட்டால் கடன் அப்படியே நிற்கும். பெண்கள் பெயரில் குழுக் கடன் வேறு. தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னதாக டிவியில் வந்தது. தெருவுக்கு வசூலுக்கு வந்தவர் டிவி பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 2 முதல் அரிசி கார்டுக்கு 1,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். கூடவே பருப்பும் சர்க்கரையும் பாமாயிலும் காசில்லாமல். அரிசி 2011 ஜூனிலிருந்தே விலையில்லாததுதான். ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25, சர்க்கரை கிலோ 25 என்று நாங்கள் விற்பதும் வெளிக்கடை விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்த மாதம் அதுவும் வேண்டாம் என்று ஆனது. என் கடையில் 870 கார்டு. தேதியும் நேரமும் எழுதிய டோக்கனை நானும் எடையாளர் அண்ணனும் வீடு வீடாகக் கொண்டுபோனோம். திண்ணையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்ட ஒரு குரலுக்கு அந்த வரிசையில் இருந்த ஏழு வீட்டிலும் கதவு திறந்தது. அப்போதுதான் உறைத்தது, தறி ஓடவில்லை, நான் மட்டும் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று.

கடை வாசலில் மூன்றடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டோம். காலை ஆறு மணிக்கு வந்து பார்த்தால் ஆள் ஒருவரும் இல்லை. வட்டத்துக்கு ஒரு பை உட்கார்ந்திருக்கும். உரச்சாக்கில் தைத்த பை, ஜவுளிக்கடைக் கட்டைப் பை, பிள்ளையின் பழைய பள்ளிக்கூடப் பை. பை இல்லாத இடத்தில் ஒற்றைச் செருப்பு, செங்கல். ஆட்கள் எல்லாம் எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் தோள் உரச ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். இடைவெளி விட்டது பைகள்தான். டோக்கனில் நேரம் போட்டிருக்கிறதே, எதற்கு இத்தனை சீக்கிரம் வருகிறீர்கள் என்று கேட்டால், "ஊட்ல இருந்து என்ன பண்றதுங்" என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர் பகலெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பார்கள்? தெருக்காரர்களுக்கு வீடு என்பது தூங்க மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் பட்டறையில் கழியும்.

பணம் கொடுத்த முதல் நாள் சாயங்காலம் கணக்கில் 1,500 ரூபாய் உதைத்தது. இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எச்சில் தொட்டு எண்ணக் கூடாது என்று ஆளுக்கு ஆள் சானிடைசரைக் கையில் ஊற்றிக்கொண்டேன். ஈரம் காயாத விரலில் புதுத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூன்று மூன்றாகப் போயிருக்கிறது. குறைந்ததைக் கைக்காசு போட்டுக் கட்டினேன். எங்கள் வேலையில் அது பழகியதுதான். சாக்கைப் பிரித்துக் கொட்டும்போது சிந்துவதும், சாக்கின் எடையும், கிடங்கிலிருந்து வரும்போதே குறைந்து வருவதும் கடைசியில் எங்கள் தலையில்தான் விழும். மறுநாள் ஒரு அம்மா ஐந்நூறை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். மற்ற இரண்டு தாள் வரவே இல்லை. வாங்கிப்போன யாரோ ஒருவர் வீட்டில் அது இரண்டு நாள் காய்கறி ஆகியிருக்கும். எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு போய்விட்டது.

அதே வாரம்தான் தறிச் சத்தம் இல்லாததன் இன்னொரு பக்கம் தெரிந்தது. இருபத்தைந்து வயதிருக்கும், ஒரு பெண் குனிந்து, "அக்கா, ஆயிரத்த எங்கையிலயே குடுத்துருங்க. அவரு வந்து கேட்டா குடுத்தாச்சுன்னு சொல்லிருங்க" என்றாள். வழக்கமான நாளாக இருந்தால் அது எனக்கே பாதிதான் கேட்டிருக்கும். அன்று வேப்பமரம்வரை கேட்டது. ஒரு கணம் யாரும் பேசவில்லை. அப்புறம் மரத்தடியிலிருந்து ஒரு கிழவி, "எங்கூட்டுக்கும் அப்பிடியே சொல்லீரு கண்ணு" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று போனாள். மே 7-ஆம் தேதி டாஸ்மாக் கடைகளைத் திறந்தபோது எனக்கு முதலில் அவள் ஞாபகம்தான் வந்தது.

வேறு விதமாகவும் கேட்டது. "சக்கரை வேண்டாங், அதுக்குப் பதிலாப் பருப்பு இன்னொரு கிலோ போட முடியுங்களா?" முடியாது. "பாமாயில் எடுக்காதவங்க யாராச்சும் இருந்தா எனக்குச் சொல்லுங்க்கா." சொல்லக் கூடாது. முன்பெல்லாம் கடை வாசலில் பொருள் கைமாறினால் நான்தான் முதல் ஆளாக விரட்டுவேன். வெளியே விற்கிற ஆட்கள் நுழைந்துவிடுவார்கள் என்ற பயம். அந்த ஏப்ரலில் வேப்பமரத்தடியில் சர்க்கரை பருப்பானது, எண்ணெய் கத்தரிக்காயானது. சர்க்கரைநோய்க்காரர் ஒருவர் இரண்டு கிலோ சர்க்கரையைக் கொடுத்துப் பேத்திக்குப் பால் பவுடர் வாங்கினார். நான் பில் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டது எதுவும் காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அந்த மாதம்தான் கற்றுக்கொண்டேன். முகக்கவசம் அதற்கு வசதியாக இருந்தது.

எடையாளர் அண்ணன் என்னைவிடக் கெட்டிக்காரர். மூன்றாம் நாளே செல்போனை எண்ணெய் டின்னுக்குள் வைத்துப் பழைய சினிமாப் பாட்டை அலற விட்டார். டின் அதை ஒலிபெருக்கி ஆக்கியது. ஆய்வுக்கு வந்த அதிகாரி, "நாடு இருக்கற நெலமையில பாட்டு ஒரு கேடா?" என்று சத்தம் போட்டார். அண்ணன் நிறுத்தினார். ஜீப் தெரு முனை திரும்பியதும் மறுபடி வைத்தார்.

பாட்டு இல்லாத அந்த அரை மணி நேரத்தில்தான் வாத்தியார் வந்து மாட்டிக்கொண்டார். தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். சர்க்கரை கார்டு வைத்திருப்பவர். அதாவது அரிசி வேண்டாம், அதற்கு ஈடாகக் கூடுதல் சர்க்கரை போதும் என்று எழுதிக்கொடுத்தவர். ஒரு காலத்தில் அது கௌரவம். கடைக்கு அவர் வருவதே அபூர்வம், வேலைக்காரம்மாதான் வருவார். அன்று கூட்டமில்லாத நேரம் பார்த்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்து நின்றார். பெற்றோர் ஃபீஸ் கட்டவில்லை, பள்ளியில் சம்பளம் இல்லை என்று ஊருக்கே தெரியும். "இந்த ஆயிரம் ரூபாய் எங்களுக்கு..." என்று ஆரம்பித்தார். "சர்க்கரை கார்டுக்குக் கெடையாதுங்க சார்" என்றேன். என்னுடைய பழைய குரலில் சொல்லிவிட்டேன். வட்டத்தில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "இல்லை, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்" என்று வண்டியை எடுத்தார். அவர் கேட்க வந்தது பணமா, கார்டை மாற்ற வழி இருக்கிறதா என்பதா, எனக்குத் தெரியாது. அடுத்த டிசம்பரில் சர்க்கரை கார்டை அரிசி கார்டாக மாற்றிக்கொள்ள வாய்ப்பு கொடுத்தார்கள். 2021 பொங்கலுக்கு 2,500 ரூபாய் வாங்க வந்த வரிசையில் அவர் இருந்தார், ஹெல்மெட் இல்லாமல். என் கையால் எண்ணிக் கொடுத்தேன், தாள் ஒட்டாமல்.

இலவசம் கொடுத்து மக்களைக் கெடுக்கிறார்கள் என்று பேசுகிறவர்களை அந்த வருடத்துக்கு முன்னும் பார்த்திருக்கிறேன், பின்னும் பார்க்கிறேன். நடுவில் சில மாதம் காணவில்லை. அவர்களில் இரண்டு பேர் என் வரிசையில் நின்றார்கள். 1,000 ரூபாயில் குடும்பம் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் வீட்டு வாடகையே அதைவிடக் கூடுதல். ஆனால் அரிசி மூட்டை வீட்டில் இருந்தால் மனுஷனுக்கு ராத்திரி தூக்கம் வருகிறது. கூலி வாங்கிப் பொன்னி அரிசி சாப்பிட்டுக்கொண்டிருந்த வீடுகளில் ரேஷன் அரிசி என்றால் இட்லி மாவுக்கு, கோழிக்கு, மாட்டுக்கு. அந்த வருடம் அது உலைக்குத் திரும்பி வந்தது. ஆளுக்கு 5 கிலோ கூடுதல் அரிசி வேறு. அதை எப்படிச் சமைப்பது என்பதே மறந்துபோயிருந்த இளம்பெண்களுக்கு வரிசையில் நின்ற கிழவிகள் பாடம் எடுத்தார்கள். அரை மணி நேரம் ஊறணும், நாலு தண்ணி கழுவணும், குக்கர் ஆகாது, பானையில் போட்டு வடிக்கணும், கொதிக்கும்போது கல் உப்பு ஒரு சிட்டிகை.

வடித்துத் தின்றும் தீராதபோது அரிசியும் பருப்பும். எங்கள் பக்கத்துச் சாப்பாடு அது. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், இருந்தால் ஒரு தக்காளி. ஒரே பாத்திரம், குழம்பு வேண்டாம், காய் வேண்டாம். விருந்தாளி வந்தால் நெய் ஊற்றுவோம், அப்போது பாமாயில்தான். மே மாதம் மத்தியானம் 12 மணிக்கு எங்கள் தெருவில் நடந்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே வாசம் வரும். என் மகன், "அம்மா, நாளைக்கு அந்த மஞ்சச் சோறு மட்டும் வேண்டாம்" என்று அழாத குறை. என் வீட்டிலும் அதுதான்.

போர்வெல் வண்டிக்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகும். இவர் ஊரடங்கு அறிவித்த அன்று சத்தீஸ்கரில் இருந்தார். வண்டிக்கு அடியில் படுக்கை, ரோட்டோரத்தில் சமையல், 40 நாளுக்கு மேல். குடும்பம் என் கடைக் கார்டு. கார்டில் பதிந்திருப்பது அவருடைய செல் நம்பர். இங்கே நான் பில் போட்டால், என்ன பொருள் எத்தனை கிலோ என்று அங்கே அவருக்கு மெசேஜ் போகும். ஒரு நாள் அவர் மனைவி செல்லை என்னிடம் நீட்டினாள். "அக்கா, மெசேஜ்ல பருப்பு வரலீங்களே?" சத்தீஸ்கரிலிருந்து கேட்கிறார். "பருப்பு லோடு இன்னும் எறங்கலீங்க, அடுத்த வாரம் கூப்புட்டுக் குடுத்தர்றேன்" என்றேன். "சரிங்க்கா. மறந்தர்றாதீங்க. பையனுக்கு அரிசியும் பருப்பும்னா உசுரு." அடுத்த வாரம் அவள் கார்டில் பருப்பைப் பதிந்த அஞ்சாவது நிமிடம் அவள் செல் அடித்தது. "வந்துருச்சாமா" என்றாள் என்னிடம். பருப்பு அவள் பையில் இருந்தது. வந்துருச்சு என்றது மெசேஜை.

மெஷினுக்குத் தெரியாதவர்களும் இருந்தார்கள். பின்பக்கப் பட்டறையில் ஒடிசாப் பையன்கள் ஆறு பேர். ஒருவன் தன் ஊர்க் கார்டை லேமினேஷன் செய்து வைத்திருந்தான். அதை நீட்டிச் சிரித்தான். என் மெஷினில் அது வெறும் அட்டை. பட்டறை முதலாளி ஒரு மூட்டை அரிசி வாங்கிப்போட்டார். அவரும் கடனில் இருந்தவர்தான். மே மாதம் ரயில் விட்டதும் பையன்கள் போய்விட்டார்கள். எந்த மாநிலக் கார்டுக்கும் எங்கேயும் பொருள் வாங்கலாம் என்ற திட்டம் 2020 அக்டோபர் 1-இல் தமிழ்நாட்டில் ஆரம்பித்தது. கைரேகை வைக்கிற புது மெஷின் வந்தது. அந்தக் கார்டு இப்போது செல்லும் என்று சொல்ல ஆள் இல்லை.

கைரேகை மெஷின் எங்கள் ஊர் விரலுக்கு ஒத்துவரவில்லை. பாவு பிணைக்கிற பெரியவரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூல் திரித்துத் திரித்துக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்ப்போம். தலைமுடியில் தேய்த்துவிட்டு வைப்பார், அரிசியில் புரட்டிவிட்டு வைப்பார். "அம்பது வருசம் தறிக்குக் குடுத்த ரேகைய இந்த டப்பா கேக்குதா?" என்று கத்துவார். அப்போது தறிகள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. முழுதாக இல்லை. நூல் வந்தால் பாவு இல்லை, பாவு வந்தால் ஆர்டர் இல்லை, ஒரு ஷிப்டு ஓடும், இரண்டு நாள் நிற்கும். ஆனாலும் சத்தம் திரும்பியிருந்தது. நானும் என் பழைய குரலுக்குப் போயிருந்தேன்.

2021 மே மாதத்தைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியவில்லை. 10-ஆம் தேதியிலிருந்து மறுபடி ஊரடங்கு. முதல் அலையில் பயம் டிவியில் இருந்தது, இந்த முறை எங்கள் தெருவில் இருந்தது. மே 15 முதல் 2,000 ரூபாய், ஜூனில் இன்னொரு 2,000, கூடவே ரவை, புளி, டீத்தூள், சோப்பு என்று 14 பொருள் போட்ட பை. கைரேகை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பணம் கொடுக்க ஆரம்பித்த நாலாவது நாள் எனக்குச் சளி. சோப்பு வாசம் தெரியவில்லை. 14 நாள் மாடி அறையில் இருந்தேன். கேட்டில் யார் யாரோ பாத்திரம் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று நாள் தொடர்ந்து அரிசியும் பருப்பும் வந்தது. வாசமும் தெரியாது, ருசியும் தெரியாது, மஞ்சள் நிறத்தை மட்டும் பார்த்துச் சாப்பிட்டேன். பணம் கொடுத்த கையே நோயையும் கொடுத்திருக்குமோ என்று ராத்திரியெல்லாம் 870 கார்டையும் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது பெயர் நீக்கம் ஆரம்பித்திருந்தது. இறந்தவர் பெயரைச் சான்றிதழ் காட்டிக் கார்டிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு பேர் இருந்த கார்டில் ஒருவர் போனால் மாத அரிசி 16 கிலோ 12 ஆகும். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ நீக்கம் இருக்கும் கடையில் அந்த இரண்டு மாதத்தில் மட்டும் 11.

ஜூலையில் கைரேகை திரும்ப வந்தது. பாவு பிணைக்கிறவரின் மனைவி தனியாக வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாள் பெரியவர் போய்விட்டார் என்று எடையாளர் அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். அந்த அம்மா இதற்குமுன் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. விரலை வைத்தார், முதல் தடவையே விழுந்தது. அவருடைய பைக்குள் பெரியவரின் செல்லில் வெளிச்சம் வந்து அணைந்தது. மெசேஜ். இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஏதோ சொன்னார். உண்மையாகவே எனக்குக் கேட்கவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அவரு பேர எடுக்கோணுங்களா?"

திரையில் பார்த்தேன். இரண்டு பெயர், 16 கிலோ.

"பச்சரிசியா, புழுங்கலா?" என்று கத்தினேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் குரலை உயர்த்தினார். "புழுங்கலே போடுங் கண்ணு. பச்சரிசி அவருக்குன்னு வாங்கறது."